கொக்கி பிடித்த மாமா

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரிடம் இருந்தது எலெக்ட்ரிக் கார். செகண்ட் ஹாண்டில் வாங்கியது. வாங்கும்போதே அதன் பேட்டரிக்கு நடுவயது தாண்டியிருந்தது என்று மாஸ்டர் சொல்வார். வாங்கிய பிறகுதான் நரை விழுந்தது என்று விற்றவன் சொல்வான். எப்படியோ, கடைசியில் அந்தக் கார் இருந்த நிலைமையில், ஹாரன் அடித்தால் ஓடும் தூரத்தில் ஒரு தெரு குறையும். வைப்பரைப் போட்டால் பாலம் வரைக்கும் போகலாம், பாலத்தின் மேல் ஏற முடியாது. அதனால் மழைக்காலத்தில் மாஸ்டர் ஜன்னல் வழியாகக் கையை வெளியே விட்டு, ஒரு பழைய துண்டால் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கிளட்ச் இல்லாத வண்டியின் அருமை பெருமைகளை விளக்குவார்.

பாதிப் பாடம் ஓட்டுவது, மீதிப் பாடம் தள்ளுவது. அவரிடம் படித்துத் தேறியவர்களை ஊரில் கெண்டைக்கால் சதையை வைத்தே அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். உடம்பு இளைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி ஓர் அம்மாள் வந்து சேர்ந்தாள். லைசென்ஸ் எல்லாம் வேண்டாம், தள்ளினால் போதும் என்றாள். அவளுக்குச் சான்றிதழ் கொடுக்கும் அளவுக்கு மாஸ்டரின் பள்ளிக்கூடம் இறங்கிப் போயிருந்தது.

இதையெல்லாம் மாஸ்டர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாத ஒன்று டெஸ்ட் மைதானத்தில் நடந்தது. டெஸ்ட் எடுக்கும் இன்ஸ்பெக்டர் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே கார் மைதானத்தின் நடுவில் உயிரை விட்டது. அன்றைக்குத் தள்ளுவதற்கு ஆள் போதவில்லை. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி சீட்டில் வைத்துவிட்டு அவரும் இறங்கித் தள்ளினார். ஓரம்கட்டிய பிறகு கையைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

"மாஸ்டர், அடுத்த டெஸ்ட்டுலயும் இது இப்படிப் படுத்துச்சுன்னா, உங்க ஸ்கூல் போர்டைக் கழட்டி வீட்டுக்குள்ள மாட்டிக்குங்க. அழகா இருக்கும்."

அவர் சிரிக்காமல் சொன்னார். மாஸ்டருக்கு அந்தப் போர்டுதான் சோறு. புதுக் கார் வாங்க வக்கில்லை. ஆகவே பேட்டரியை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. அந்தப் பழைய மாடல் காரின் பேட்டரியைத் திறந்து வேலை பார்க்கத் தெரிந்த ஆள் அந்த வட்டாரத்திலேயே ஒருவன்தான். அவன்தான் இந்தக் காரை மாஸ்டர் தலையில் கட்டியவன். அதோடு அவன் மாஸ்டரின் மச்சினன். மனைவியின் கூடப் பிறந்த ஒரே தம்பி.

ஊரில் அவனை வோல்ட்டு என்பார்கள். தொட்டால் அடிக்கும் குணம். "பேட்டரியெல்லாம் கல்லு மாதிரி இருக்கு மாமா, கண்ண மூடிட்டு எடுங்க" என்று சொல்லி விற்றவன், கார் மூச்சு வாங்க ஆரம்பித்ததும், "வெயில்ல நிறுத்தி நிறுத்தி, தினம் முழுசா சார்ஜ் ஏத்தி, நீங்கதான் கொன்னுட்டீங்க" என்று சொல்லிவிட்டான். "செத்ததைக் குளிப்பாட்டி வித்தவன் நீ" என்றார் மாஸ்டர். அதன் பிறகு இரண்டு குடும்பமும் கூடிய இடத்தில் எல்லாம் இதே பேச்சு. ஒரு கல்யாண வீட்டில் இருவரும் போட்ட சத்தத்தில் பொண்ணும் மாப்பிள்ளையும் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

மாஸ்டரின் மனைவிக்கு அன்றைக்குத்தான் பொறுமை போனது. இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்து ஒரு தீர்ப்புச் சொன்னாள்.

"இன்னியிலிருந்து ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசக் கூடாது. எவன் முதல்ல வாயைத் திறக்கறானோ, அவன்தான் பேட்டரியைக் கொன்னவன். அதுக்கு மேல விசாரணை கிடையாது."

இரண்டு பேரும் அப்போது மூடிய வாய்தான். ஒரே வீட்டில் விருந்துக்கு உட்கார்ந்தாலும் உப்பு வேண்டும் என்றால் அவள் வழியாகத்தான். "உன் தம்பிகிட்ட சொல்லு, தண்ணிச் சொம்பு அவன் சொத்து இல்லைன்னு." "அக்கா, உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, கை நீட்டினா கிடைக்கும்னு." அவள் இந்தப் பக்கத்துச் சொல்லை அந்தப் பக்கம் கொண்டுபோகும்போது பாதியைக் கீழே போட்டுவிடுவாள். அப்படியும் மிஞ்சியதே காரமாகத்தான் இருந்தது.

இப்போது பேட்டரி வேலைக்கும் அவள்தான் தூது போனாள். தம்பி முதலில் முடியாது என்றான். அவருக்குத் தேவையென்றால் அவரே வாயைத் திறந்து கேட்கட்டும் என்றான். "நீ போட்டுக் குடுக்கலேன்னா ஸ்கூல் போயிடும். ஸ்கூல் போச்சுன்னா நாங்க ரெண்டு பேரும் உன் வீட்லதான் வந்து உட்காருவோம். மாடி ரூம் காலியாத்தானே இருக்கு" என்றாள் அக்கா. அன்று சாயங்காலமே அவன் விபத்தில் நசுங்கிய ஒரு புதுக் காரைத் தேடிப் பிடித்து அதன் பேட்டரியைக் கழற்றிக் கொண்டு வந்துவிட்டான். பழையதைவிடப் பெரிய பேட்டரி. அதன் செல்களைப் பழைய பெட்டிக்குள் அடுக்கினால் கார் புதிதாக இருந்த நாளில் ஓடியதைவிட அதிகம் ஓடும். ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனியாகச் சார்ஜ் ஏற்றிச் சமமாக்கியும் வைத்தான். வேலையில் அவன் சுத்தம். அதை மாஸ்டரும் மறுக்கமாட்டார். மறுக்க வேண்டும் என்றால் பேச வேண்டும்.

எல்லாம் கூடி வந்தது. கொக்கி பிடிக்கத்தான் ஆள் இல்லை.

எலெக்ட்ரிக் கார் பேட்டரியைத் திறக்கும் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. திறப்பவன் தனியாகத் திறக்கக் கூடாது. அவனுக்குப் பின்னால் இன்னொருவன் நிற்க வேண்டும். அவன் கையில் கரண்ட் பாயாத நீளக் கம்பு, அதன் நுனியில் ஆளை வளைத்துப் பிடிக்கும் அளவுக்குப் பெரிய கொக்கி. பின்னால் நிற்பவன் அவ்வப்போது "இருக்கியா?" என்று கேட்பான். வேலை செய்பவன் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். பதில் வரவில்லை என்றால் கரண்ட் பிடித்துவிட்டது என்று அர்த்தம். கிட்டே போகாமல், கையால் தொடாமல், கொக்கியை இடுப்பில் மாட்டி இழுத்துப் போட வேண்டும்.

வோல்ட்டுக்குக் கொக்கி பிடித்துக்கொண்டிருந்த கூட்டாளி சண்டை போட்டுக்கொண்டு போயிருந்தான். அவனுக்கு முன்னால் இருந்தவனும் அப்படியே. பக்கத்துக் கடைக்காரர்களைக் கேட்டதற்கு, "கொக்கியா, அவனுக்கா? கழுத்துல மாட்டலாம்னா வர்றேன்" என்றார்கள். அக்கா பிடிக்கலாம் என்றால், அவள் கம்பு எடையே இருப்பாள். அவனோ பீரோ மாதிரி. கடைசியில் அந்தத் தெருவில் அவனை இழுக்கக்கூடிய உடம்பு மாஸ்டருடையதுதான் என்று ஆயிற்று.

டெஸ்ட் நாள் வந்துவிட்டது. படிப்பவர்கள் எல்லாம் மைதானத்தில் கார் வருமென்று காத்திருந்தார்கள். பட்டறையில் கார் லிஃப்ட்டில் அந்தரத்தில் தொங்கியது. அதன் வயிற்றிலிருந்து இறக்கிய பேட்டரிப் பெட்டி மூடி இல்லாமல் மேஜை மேல் கிடந்தது. தகரக் கூரை காய்ந்துகொண்டிருந்தது. மச்சினன் முழங்கை வரை ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு குனிந்திருந்தான். பின்னால் மாஸ்டர் மஞ்சள் கம்பை நட்டு வைத்துக்கொண்டு நின்றார். ஓரத்தில் ஒரு ஸ்டூலில் அவர் மனைவி.

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லுக்கா, கொக்கி என் முதுகுல உரசுது."

"ஏங்க, கொஞ்சம் தள்ளிப் பிடிங்க."

"உன் தம்பிகிட்ட சொல்லு, அவன் முதுகு எங்கிருந்து எங்க வரைக்கும்னு கோடு போட்டுக் காட்டச் சொல்லு. இந்தப் பட்டறையில பாதி அவன் முதுகாத்தான் இருக்கு."

"தள்ளி நிக்கிறாராம்டா."

கேள்வியையும் அவளே கேட்டாள். "தம்பி, இருக்கியா?" "இருக்கேன்க்கா." ஒரு செல், அதைப் பக்கத்துச் செல்லோடு இணைக்க ஒரு செப்புப் பட்டை, ஒரு நட்டு. மறுபடி, "இருக்கியா?" "இருக்கேன்க்கா." ஒவ்வொரு செல்லும் சேரச் சேரப் பெட்டிக்குள் கரண்டின் பலம் ஏறிக்கொண்டே போனது. கடைசி வரிசைக்கு வந்தபோது மச்சினன் வாயை மூடி மூக்கால் மூச்சுவிட்டான்.

அந்த நேரம் பார்த்து மனைவியின் போன் அடித்தது. மைதானத்திலிருந்து அழைப்பு. தகரக் கூரைக்குக் கீழே ஒரு சொல்லும் விளங்கவில்லை. "இதோ வந்துட்டேன்" என்று அவள் தெருவுக்கு ஓடினாள்.

பட்டறையில் இருவர் மட்டும்.

மாஸ்டர் கேட்க வேண்டிய நேரம் வந்தது. ஒரே ஒரு சொல். அதைக் கேட்டால், பேட்டரியைக் கொன்றவர் அவர் என்று உறவு முழுக்கச் சொல்லிவிடும். மாஸ்டர் யோசித்தார். கம்பைத் தூக்கித் தரையில் 'டொக்' என்று ஒரு தட்டுத் தட்டினார்.

மச்சினனுக்குப் புரிந்தது. ஸ்பேனரின் பிளாஸ்டிக் பிடியால் மேஜையில் 'டொக்' என்றான்.

இதைப் பேச்சு என்று எந்தப் பஞ்சாயத்தும் சொல்ல முடியாது. கொஞ்ச நேரம் வேலை இப்படியே நடந்தது. டொக். டொக். ஆனால் மாஸ்டரின் டொக்கில் 'வெட்கமில்லையா உனக்கு' என்ற தொனி இருந்தது. மச்சினனின் டொக்கில் 'உங்களுக்கு இருக்கா' என்ற தொனி இருந்தது. தட்டலின் சூடு ஏறியது. பக்கத்துப் பட்டறைக்காரன் ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

பிறகு ஒரு டொக்குக்குப் பதில் வரவில்லை.

மாஸ்டர் மறுபடி தட்டினார். பதில் இல்லை. எட்டிப் பார்த்தார். மச்சினனின் வலது கை பெட்டிக்குள் முழங்கை வரை போயிருந்தது. உடம்பு அசையவில்லை. கண் ஒரே இடத்தில் குத்தி நின்றது. நெற்றியில் வேர்வை, பிடரி மயிர் எழுந்து நிற்பது போலவும் இருந்தது. அவனுக்கு எப்போதும் அப்படித்தான் நிற்கும் என்பது வேறு விஷயம்.

இழுக்காவிட்டால் என்ன, என்று ஓர் எண்ணம் மாஸ்டருக்கு வந்தது. வந்த எண்ணம் உடனே போகவும் இல்லை. உட்கார இடம் கேட்டது. பட்டறை அமைதியாக இருக்கும். விருந்துகளில் தண்ணீர்ச் சொம்பு கிட்டவே இருக்கும். வருஷத்துக்கு ஒரு நாள் படத்துக்கு மாலை போட்டால் போதும், அதையும் அவள் பார்த்துக்கொள்வாள்.

அடுத்த எண்ணம்தான் அவரை உலுக்கிவிட்டது. செத்தவன் வாயைத் திறக்கமாட்டான். இனி எந்தக் காலத்திலும் திறக்கமாட்டான். அப்புறம் என்றாவது இவர் வாய்தானே முதலில் திறக்கும். படத்துக்கு முன்னால் நின்று ஒரு 'அடப்பாவி' சொன்னால்கூடத் தோற்றுப் போவார்.

"விடமாட்டேன்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு மாஸ்டர் கொக்கியை வீசினார். அது மச்சினனின் வயிற்றை வளைத்துப் பெல்ட்டில் மாட்டியது. இத்தனை வருஷத்துக் கோபத்தையும் முதுகில் ஏற்றி ஒரே இழுப்பு. பீரோ மாதிரி இருந்தவன் மேஜையை விட்டுக் கிளம்பி, தரையில் உட்கார்ந்து, உட்கார்ந்த வாக்கிலேயே பட்டறையின் நீளம் முழுக்க வழுக்கிக்கொண்டு போய், பழைய செல்களை அடுக்கியிருந்த மூலையில் இடித்து நின்றான். சிமெண்டுத் தரையில் அவன் போன வழி பளபளவென்று பாலிஷ் ஏறிக் கிடந்தது. சந்தேகம் இருப்பவர்கள் அதில் முகம் பார்த்துக்கொள்ளலாம்.

அவன் கை மேலே தூக்கியபடி இருந்தது. விரல்களுக்கு நடுவே ஒரு நட்டு.

பெட்டிக்குள் விழுந்த நட்டு அது. இரண்டு பட்டைகளுக்கு நடுவே அது படுத்துவிட்டால் நெருப்புத்தான். அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அசையாமல், விரல் நுனியால் அதை மெல்ல எடுத்துக்கொண்டிருந்தான். எடுத்தும்விட்டான்.

"யோவ் மாமா" என்றான் மச்சினன். "உமக்கு மண்டையில மூளைன்னு ஒண்ணு இருக்கா, இல்ல அதையும் வெயில்ல நிறுத்திட்டீரா? ஆளைக் கொல்லப் பார்க்கறீரா? கழுதை மாதிரி இழுக்கற உம்ம..."

மாஸ்டர் காது குளிரக் கேட்டார். கம்பைச் சுவரில் சாய்த்தார். முகம் மலர்ந்தது. அவர் மனைவி போனோடு உள்ளே வந்தாள்.

"உன் தம்பி வாயைத் திறந்துட்டான்" என்றார் மாஸ்டர், ரொம்ப அமைதியாக. "முதல்ல திறந்துட்டான். முழுசாத் திறந்துட்டான். தெருவுக்கே கேட்டிருக்கும்."

"திட்டினேன்க்கா. திட்டினது பேச்சாகுமா?"

"அர்த்தம் இருந்துச்சா இல்லியான்னு கேளு."

"தம்பி," என்றாள் அவள், "திட்டினாலும் பேச்சுதான்டா."

மச்சினன் எழுந்தான். கையுறைகளை உருவி மேஜையில் எறிந்தான். நட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டான். மூலையில் கிடந்த ஒரு மரப்பெட்டி மேல் போய் உட்கார்ந்து காலை ஆட்ட ஆரம்பித்தான்.

"சரிக்கா. பேட்டரியைக் கொன்னவன் நான்தான். கொலைகாரன் கையால உங்களுக்கு வேலை எதுக்கு? யோக்கியனாப் பார்த்து முடிச்சுக்கச் சொல்லு."

கார் அந்தரத்தில் தொங்கியது. பெட்டி திறந்து கிடந்தது. கடைசி நட்டு அவன் பையில். மனைவி போனைக் காட்டினாள். "நம்ம ஆளுங்களுக்கு முன்னால ரெண்டு ஸ்கூல்தான் பாக்கியாம். இன்ஸ்பெக்டர் வாசல் கேட்டையே பார்த்துட்டு இருக்காராம்."

மாஸ்டருக்குக் கையில் வெற்றி இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவர் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. பட்டறைக்குள் ஒரு சுற்று நடந்தார். லிஃப்ட்டை அண்ணாந்து பார்த்தார். கடைசியில் மச்சினன் முன்னால் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"அவன்கிட்ட சொல்லு..."

"நேரா சொல்லச் சொல்லுக்கா."

மாஸ்டரின் கழுத்து நரம்பு புடைத்தது. "வெயில்ல நிறுத்தினது நான்தான்."

"அப்புறம்?"

"முழுசா சார்ஜ் ஏத்தினது நான்தான்."

"அப்புறம்?"

"ஏசி போட்டுட்டு உள்ள படுத்துத் தூங்கினது நான்தான். உன்ன நம்பி வாங்கினது நான்தான். அதுக்கெல்லாம் முன்னால உன் அக்காவைக் கட்டிக்கிட்டு வந்ததும் நான்தான். தலையெழுத்து. எல்லாத் தப்பும் நான்தான், போதுமா? வந்து மூடித் தொலை."

மச்சினன் ஒரு பெரிய ஏப்பம் விட்டவன் மாதிரி எழுந்தான். மனைவி மட்டும் ஸ்டூலில் அப்படியே இருந்தாள். போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

அதன் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. கடைசி நட்டு ஏறியது. மூடி ஏறியது. பெட்டி காரின் வயிற்றுக்குப் போனது. போல்ட்டுகள் இறுகின. புதுப் பேட்டரியைக் காருக்கு அறிமுகம் செய்யாவிட்டால் கார் அதை ஏற்காது. மச்சினன் லேப்டாப்பைச் செருகி, பெண் பார்க்க வந்த இடத்தில் பெரியவர்கள் பேசுவது போல, அதற்கும் இதற்கும் நடுவே சமாதானம் பேசினான். டேஷ்போர்டில் விளக்குகள் எரிந்தன. சார்ஜ் காட்டும் கட்டங்கள் ஒன்று பாக்கியில்லாமல் நிரம்பின. கார் தரைக்கு இறங்கியது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தபடி நின்றார்கள். ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டிய இடம் அது.

"இனி இதை வெயில்ல பார்த்தேன்னா," என்றான் மச்சினன், "கையை உடைப்பேன்."

"முதல்லயே வண்டியை யோக்கியமா வித்திருந்தா நான் ஏன்டா உன் வாசல்ல வந்து நிக்கறேன்?"

"அதான் நீங்களே ஒத்துக்கிட்டீங்களே."

"வேலை ஆகறதுக்காகச் சொன்னேன். காரியம் ஆகணும்னா கழுதைக் காலையும்தான் பிடிப்பாங்க."

"கழுதைன்னா யாரு?"

"இழுத்தப்போ நகர்ந்தது யாரு?"

வாய் திறந்தாயிற்று, இனித் தடையில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்துவைத்தது நிறைய இருந்தது. மச்சினன் கல்யாண வீட்டிலிருந்து ஆரம்பித்தான். மாஸ்டர் அதற்கும் முன்னால், மச்சினன் அவரிடம் கார் கற்றுக்கொள்ள வந்து சுற்றுச்சுவரில் மோதியதிலிருந்து ஆரம்பித்தார். மோதினானா, மோத விட்டாரா என்பதில் சூடு பிடித்தது. தகரக் கூரை அதிர்ந்து துருவாக உதிர்ந்தது. மாஸ்டர் "பார், உன் அக்காவையே கேட்போம்" என்று திரும்பினார்.

ஸ்டூல் காலி. காரும் இல்லை.

எலெக்ட்ரிக் காரில் சத்தம் கிடையாது. அவள் எப்போது ஏறினாள், எப்போது ரிவர்ஸ் எடுத்தாள் என்று இருவருக்கும் தெரியவில்லை. அந்தக் குறுகலான வாசலில் கண்ணாடிகூட உரசாமல் எடுத்திருந்தாள். ஓட்டக் கற்றுக் கொடுத்தது மாஸ்டர்தான்.

இருவரும் தெருவுக்கு ஓடினார்கள். பழைய பேட்டரியாக இருந்தால் முனையிலேயே பிடித்திருக்கலாம். மச்சினன் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு நின்றான். "சும்மா ஓடாதீங்க. நான் போட்ட பேட்டரி."

"நான் சொல்லிக் குடுத்த டிரைவிங்" என்றார் மாஸ்டர், மூச்சு வாங்கிக்கொண்டு. இதிலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

நிழல் நீள ஆரம்பித்தபோது இன்ஸ்பெக்டர் போன் செய்தார். மாஸ்டர் ஸ்பீக்கரில் போட்டார்.

"மாஸ்டர், உங்க ஆளுங்க எல்லாரும் பாஸ். வண்டி எங்கயும் மக்கர் பண்ணல. போர்டு வெளியவே இருக்கட்டும். உங்க வீட்டம்மாதான் வண்டியை எடுத்துட்டு வந்தாங்க. ரொம்பப் பொறுமைசாலி."

"சார், இப்ப எங்க சார் அவ?"

"கடைசி ஆளை இறக்கி விட்டுட்டு கிளம்பிட்டாங்களே. வீடு இந்தப் பக்கம்னு கை காட்டினேன். தெரியும்னாங்க. மெயின் ரோட்டுல எதிர்ப்பக்கம் திரும்பிட்டாங்க."

மாஸ்டர் மனைவியின் எண்ணைப் போட்டார். அடித்தது, எடுக்கவில்லை. மச்சினன் தன் போனிலிருந்து போட்டுப் பார்த்தான். அதற்கும் எடுக்கவில்லை. இரண்டு பேரும் பட்டறை வாசலில் ஆளுக்கு ஒரு பக்கமாக உட்கார்ந்தார்கள்.

"எவ்வளவு தூரம்டா போவா?" என்றார் மாஸ்டர்.

மச்சினன் விரல்களை மடக்கினான். மறுபடி முதலிலிருந்து மடக்கினான். பிறகு கையை விரித்து முழங்காலில் துடைத்துக்கொண்டான்.

"பெரிய பேட்டரி மாமா" என்றான்.